நெல்லின் மூலவித்துக்கள் காக்கப்பட்டனவா?

மட்டக்களப்பு வாவியின் இருமருங்கும் வாழும் மக்களுக்கு நெல்வேளாண்மை ஒரு தொழில் மட்டுமன்று. அவர்தம் வாழ்வின் அடித்தளமுமாகும். படுவான்கரை வட்டைகளில் இன்று விதைக்கப்படும் நெல் பெரும்பாலும் ஆராய்ச்சி நிலையங்கள் கலப்புமுறையால் ஆக்கித் தந்த புதிய இனங்களேயாம். இவ்வினங்களுக்குத் தாயும் தந்தையுமாய் அமைந்த பழைய நெற்கள் இன்றும் உளவா? உளவெனின், அன்று கலப்புக்கு எடுக்கப்பட்டவை தாமா அவை? இவ்விரு வினாக்களையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூலவித்தைக் காத்தல் என்பதன் பொருளை முதற்கண் தெளிதல் வேண்டும். தேயிலை போன்ற பயிர்களில் ஒரு செடியின் மகரந்தம் மற்றொன்றைச் சென்று சேர்தல் இயல்பு. ஆதலின் விதையிலிருந்து முளைப்பது தாய்ச்செடியை முற்றும் ஒத்திராது. தாயின் குணம் மாறாதிருக்க வேண்டுமாயின் அதன் தண்டினை வெட்டி நாட்டுதல் வேண்டும். மூலச்செடியோ அதன் வழிவந்த தண்டோ உயிரோடிருத்தல் இன்றியமையாதது. நெல்லின் இயல்பு வேறு. அதன் பூவில் ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் ஒருங்கே உள. தன் மகரந்தத்தாலேயே அது கருவுறுகின்றது. அயற்செடியின் மகரந்தத்தாற் கருவுறுவன பொதுவாக நூற்றுக்கு ஒன்றிலும் குறைவே. எனவே செடி ஒரு போகத்தோடு மடிந்தொழியினும் அதன் குணங்கள் வித்தின்வழி வந்துகொண்டேயிருக்கும். நெல்லைப் பொறுத்தவரை மூலத்தைக் காத்தலாவது, வித்தைப் பிறவற்றோடு கலவாமலும் முளைப்புத்திறன் கெடாமலும் காத்தலேயாம்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் விவசாயத் திணைக்களத்தார் பழைய நெற்களுள் சிறந்த தனிச்செடிகளைத் தெரிந்தெடுத்துத் தூயவழிகளை ஆக்கினர். முருங்கைக்காயன் 302, பச்சைப்பெருமாள் 2462/11 என்னும் பெயர்களின் ஈற்றில் நிற்கும் எண்கள் அத்தெரிவின் அடையாளங்களாம். முருங்கைக்காயன் 302 இனை இந்தோனேசிய நெல்லாகிய மாஸ் என்பதனோடு கலந்து பெற்றதே, 1950களின் பிற்பகுதியில் வெளிவந்து நாடெங்கும் பரவிய எச்-4. வாவிக்கரைக்கு அணித்தான மற்றொரு சான்று, உவர்நிலத்துக்கென ஆக்கப்பட்ட ஏ.ரி. 354 ஆகும். இதன் பெற்றோருள் ஒன்று பி.ஜி. 94-1, மற்றையது, கேரளக் கரையோரத்து உவர்நிலங்களில் விளையும் பொக்காளி.

இத்தகைய பழைய நெற்களைப் பேணுதற்கெனக் களஞ்சியங்கள் உள. பிலிப்பைன்ஸ் நாட்டில் 1960 இல் நிறுவப்பட்ட சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1,30,000 இற்கு மேற்பட்ட நெல்மாதிரிகள் காக்கப்படுகின்றன. நம் நாட்டில், கண்டிக்கு அண்மையிலுள்ள கன்னொறுவையில், யப்பானிய உதவியோடு 1980களின் இறுதியில் ஒரு களஞ்சியம் அமைந்தது. வித்துக்களை நன்கு உலர்த்திக் காற்றுப்புகாக் கலங்களிலடைத்துக் கடுங்குளிரில் வைப்பின் அவை பல பத்தாண்டுகள் உயிர்ப்போடிருக்கும். களஞ்சியமே அழியினும் வித்து அழியாதிருத்தற்பொருட்டு நோர்வே நாட்டின் சுவால்பாட் தீவில் 2008 இல் ஒரு சேமிப்பறையும் திறக்கப்பட்டது. ஆகவே முதல் வினாவுக்கு விடை, பெயர்பெற்ற பெற்றோர் நெற்களைப் பொறுத்தவரை, ‘உள’ என்பதேயாம்.

இரண்டாம் வினா அத்துணை எளிதன்று. அதனை மூவகையாக நோக்கலாம்.

முதலாவது, குளிரறையிலும் வித்து மூப்படைகின்றது. முளைப்புத்திறன் குறையுங்கால் அதனை விதைத்துப் புதுவித்துப் பெறுதல் வேண்டும். விதைப்பிலோ அறுவடையிலோ சூடடிப்பிலோ அயல்நெல் கலத்தலும், பெயரட்டை மாறுதலும் ஒவ்வொரு முறையும் நேரக்கூடிய இடர்களாம்.

இரண்டாவது, பெயர் ஒன்றாயிருப்பதனாற் பொருள் ஒன்றாகிவிடாது. பொக்காளி என்னும் பெயரிலேயே பல மாதிரிகள் சர்வதேச நிலையத்தில் உள. அவை யாவும் ஒருதன்மையன அல்ல. பொக்காளியைக் கொண்டு புதுநெல் ஆக்க விழைவோன், எந்தப் பொக்காளி என்பதனையும் உடன் வினாவுதல் வேண்டும்.

மூன்றாவது, வேளாளன் வயலில் நின்ற பழைய நெல் தம்முட் சிறிது வேறுபட்ட பல செடிகளின் கூட்டமாகும். அதனின்றும் ஒரு செடியைத் தெரிந்தெடுத்துக் காத்தல், ஒரு குடும்பத்தில் ஒருவரை மட்டும் காத்தலை ஒக்கும். முருங்கைக்காயன் 302 இன்றும் இருப்பின், அது முருங்கைக்காயன் முழுவதும் ஆகாது.

பரம்பரையலகுகளை ஒப்பிடும் இக்கால ஆய்வுமுறை, இரு வித்துக்கள் ஒன்றா வேறா என்பதனை ஐயமின்றிக் காட்டவல்லது. ஆயின் ஒப்பிடுதற்கு முதல்வித்து எங்கேனும் எஞ்சியிருத்தல் வேண்டும்.

புதுநெல் மிக்க விளைவு தருங்கால் பழைய நெல் எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். நம் வேளாளர் அறக்கொட்டியான் எனும் கபிலநிறத் தத்தி, வயலைச் சில நாட்களில் எரிந்தாற்போற் கருகச் செய்வதனை யாவரும் அறிவர். அதனை எதிர்க்கும் ஆற்றலுடைய பரம்பரையலகொன்று ரத்து ஹீனட்டி எனும் பழைய இலங்கை நெல்லிற் கண்டறியப்பட்டு, பிறநாட்டாரும் தம் புதுநெல் ஆக்கத்துக்கு அதனைப் பயன்படுத்துகின்றனர். குறைந்த விளைவுடையதென அதனை எவரும் காவாது விட்டிருப்பின் இப்பயன் கிட்டியிராது. வாவியின் உவர்நீர் புகும் வயல்களுக்கு நாளை எவ்வகை நெல் வேண்டப்படும் என்பதனை இன்று அறுதியிட்டுரைத்தல் இயலாது.

முன்னாளில் போடியாரும் சிறுவேளாளரும் அடுத்த போகத்துக்குரிய விதைநெல்லைத் தம் மனைகளிலேயே வேறாக வைத்துக் காத்தனர். 1978 நவம்பர்ச் சூறாவளியும், 1983 முதல் 2009 வரை நீடித்த போரும், 2004 டிசம்பர்க் கடற்கோளும் இப்பகுதி மக்களை இல்லம் விட்டகலச் செய்தன. உயிரைக் காக்க ஓடுவோர் விதைநெல்லைச் சுமந்து செல்லுதல் யாங்ஙனம்? களஞ்சியத்தைச் சேராத வித்து மனையில் அழியின் அழிந்ததே.

எனவே, களஞ்சியங்கள் காத்தன பல. எனினும், காத்தவை மூலத்தின் ஒரு பகுதியே என முடிவுகொள்ளலாம். எஞ்சிய பகுதி எங்கேனும் இருக்குமாயின், அது இன்னும் பழைய நெல்லைக் கைவிடாத சில வயல்களிலும் முதியோர் நினைவிலுமே உளது. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர், தம் ஊரில் விளைந்த நெற்களின் பெயர், விளைந்த வட்டை, விதைப்புக் காலம், வயதெல்லை என்பனவற்றை முதியோரிடம் கேட்டெழுதுவாராக. வித்தும் கிடைப்பின், அக்குறிப்போடு விவசாயத் திணைக்களத்தாரிடம் சேர்ப்பிப்பாராக. பிறப்பிடம் குறிக்கப்படாத வித்து முகவரியற்ற மடலை ஒக்குமாதலின், வித்தைக் காத்தலினும் அதன் வரலாற்றைக் காத்தல் சிறிதும் தாழ்ந்த பணியன்று.