திருமலைக் குரங்குக்கு ஏன் இவ்வளவு மூளை? கூட்டமா, பழமா?

அலிபிரி படிகளில் திருமலைக்கு நடந்திருந்தால் இவர்களைச் சந்தித்திருப்பீர்கள். தலையில் தொப்பி வைத்த மாதிரி முடி, கண் முழுக்க உங்கள் பை மேல். தென்னிந்தியாவில் மட்டுமே வாழும் நாட்டுக் குரங்குகள் இவை.

அடுத்த முறை பத்து நிமிஷம் நின்று பாருங்கள். இரண்டு பெண் குரங்குகள் பேன் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த இருவரையும்விட அந்தஸ்தில் பெரியவள் ஒருத்தி வருவாள். யார் எழுந்து போவார்? ஆய்வாளர் அனிந்திய சின்ஹா 1998இல் வெளியிட்ட ஆய்வுப்படி, பெரும்பாலும் இருவரில் கீழே இருப்பவள்தான். மற்றவள் அசையமாட்டாள். வந்தவளின் இடம், தன் இடம், பக்கத்தில் இருப்பவளின் இடம் மூன்றும் அவளுக்குத் தெரியும். ஆபீஸ் கேன்டீனில் மேனேஜர் வந்தால் நாம் போடும் அதே கணக்கு!

இந்தக் கணக்கு வேகமாகப் பெருகும். கூட்டத்தில் 10 பேர் என்றால் 45 ஜோடி உறவுகள். 30 பேர் என்றால் 435.

சரி, இதுக்கும் மூளை அளவுக்கும் என்ன சம்பந்தம்? குரங்கினங்களில் கூட்டம் பெரிதானால் மூளையின் வெளிப்பகுதியான நியோகார்டெக்ஸும் ஒப்பளவில் பெரிதாகிறது என்று ராபின் டன்பார் 1992இல் காட்டினார். 'மனுஷனுக்கு 150 உறவுகள்தான்' என்று நீங்கள் கேள்விப்பட்டதும் அவர் கணக்குதான். 2011இல் ஆக்ஸ்போர்டு ஆய்வு ஒன்றில், ஆய்வகத்தில் பெரிய குழுக்களில் வைக்கப்பட்ட ரீசஸ் குரங்குகளுக்கு மூளையின் சில பகுதிகளில் சாம்பல் நிறத் திசு அதிகமாக இருந்தது.

ஆனால் 2017இல் 140க்கும் மேற்பட்ட இனங்களை ஒப்பிட்ட ஆய்வு வேறு கதை சொன்னது. மூளை அளவைக் கணிக்க கூட்டத்தைவிட உணவுதான் உதவுகிறதாம். பழம் தின்னும் இனங்களுக்கு, இலை தின்னும் இனங்களைவிட சுமார் 25% அதிக மூளைத் திசு. லங்கூரும் கூட்டமாகத்தான் வாழ்கிறது. ஆனால் இலை அதிகம் தின்னும் அதன் வகைக்கு, உடலோடு ஒப்பிட்டால் மூளை சிறிது.

என்னைக் கேட்டால், இரண்டையும் மோதவிட வேண்டியதில்லை. மூளை செலவு வைக்கும் உறுப்பு. நம் எடையில் 2% இருந்துகொண்டு, ஓய்வில் செலவாகும் சக்தியில் 20% தின்கிறது. கூட்டம் வேலையைக் கொடுக்கலாம். சம்பளத்துக்குப் பழம் வேண்டும்.

படிகளில் அந்தச் சம்பளம் இப்போது உங்கள் பையிலிருந்து போகிறது. நீங்கள் நீட்டும் பிஸ்கட் பெரும்பாலும் மேலே இருப்பவருக்கே போகும். பரிதாபமாகப் பார்க்கும் அந்தச் சின்னது கையில் வாங்கிவிட்டால், அடுத்த நிமிஷம் துரத்தலும் கடியும்தான்.