சூடாறாப் பெட்டியும் வீட்டுச் செலவும்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே செல்லும் பெருவழியில் நெய்யாற்றின்கரையைக் கடந்தால், கேரளத்தின் எல்லையூர்களுள் ஒன்றான பாறசாலையை அடையலாம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி ராஜ்யங்கள் மொழிவழியே திருத்தியமைக்கப்பட்டபோது விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்யத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. ஆனால் எல்லைக்கோட்டின் இருமருங்கிலும் கிணறும் தென்னையும் ஒன்றே. தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் அடுக்களைகளில் வேகும் சிவப்புப் புழுங்கலரிசியும் ஒன்றே.

இவ்வரிசி எளிதில் வேகாது. ஆகவே எரிபொருட் சிக்கனத்தை ஆராயப் புகுவோர் சோற்றுப் பானையிலிருந்து தொடங்குவதே முறை. 30 டிகிரி உஷ்ணமுள்ள இரண்டரை லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 175 கிலோகலோரி வெப்பம் போதும். கொதித்தபின் தீயை எவ்வளவு தூண்டினாலும் திறந்த பானையிலுள்ள நீரின் உஷ்ணம் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. மிகுதியான வெப்பம் நீரை ஆவியாக்குவதிலேயே கழிகிறது. அரை லிட்டர் நீர் ஆவியாவதற்கு 270 கிலோகலோரி செலவாகும். அதாவது, பானையைக் கொதிக்க வைப்பதற்கு ஆன வெப்பத்தைக் காட்டிலும் அதிகமான வெப்பம், சோற்றுக்கு யாதொரு பயனுமின்றிப் புகைபோக்கி வழியே வெளியேறிவிடுகிறது.

அரிசியிலுள்ள மாவுப்பொருள் ஏறத்தாழ 65 முதல் 75 டிகிரி உஷ்ணத்திலேயே நீரை ஏற்றுக் குழையத் தொடங்கும். எனவே கொதித்த பானைக்குத் தேவை மேலும் தீயன்று; அதன் சூடு வெளியேறாமல் தடுக்கும் ஒரு போர்வையே. இவ்வுண்மையைப் பயன்படுத்தியதே சூடாறாப் பெட்டி. 1867-இல் பாரிஸ் பொருட்காட்சியில் நார்வே நாட்டார் இத்தகைய சமையற்பெட்டி ஒன்றைக் காட்சிக்கு வைத்தனர். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் எரிபொருள் தட்டுப்பட்ட காலத்தில் வைக்கோல் அடைத்த பெட்டிகள் வீடுகளில் வழங்கின. கேரளத்தில் இதனைப் பரப்பியது 1962-இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்து. மலையாளத்தில் அதற்கு அவ்வியக்கம் வழங்கிய பெயர் தமிழ்ச் செவிக்கும் அப்படியே விளங்குவது எல்லைக் கிராமங்களுக்கு ஒரு வசதியாகும்.

பெட்டி செய்வதற்குப் பெரும் செலவில்லை. பானையைவிடச் சற்றே பெரிய மரப்பெட்டியோ கூடையோ எடுத்து, அடியிலும் பக்கங்களிலும் நாலு விரற்கடைக்குக் குறையாமல் வைக்கோல், மரத்தூள், தென்னை நார் இவற்றுள் ஒன்றை அடைத்துத் துணியால் மூடலாம். இக்காலத்தில் தெர்மோகோல் பலகையும் பயன்படுகிறது. மேல்மூடியும் அவ்வாறே தடிப்பாக இருத்தல் வேண்டும். மூடி மெல்லியதாயின் மற்றப் பக்கங்களில் செய்த பாடு வீண். அரிசி சில நிமிஷங்கள் நன்கு கொதித்ததும் பானையை மூடியுடன் பெட்டிக்குள் இறக்கிவிட்டால், வீட்டார் வேறு வேலை பார்த்து வருவதற்குள் சோறு பதமாகிவிடும். அடிபிடிக்கும் அச்சமும் இல்லை. எனினும் சோறு 60 டிகிரிக்குக் கீழே ஆறும்வரை பெட்டியிலேயே விட்டுவைத்தல் ஆகாது. இளஞ்சூட்டில் நுண்கிருமிகள் பெருகும். அவரை இனத்துப் பெரும்பயறுகளைப் பத்து நிமிஷமாவது கொதிக்க வைத்த பின்னரே பெட்டியில் வைத்தல் வேண்டும்.

மின்சாரத்தில் சிக்கனத்தின் கணக்கு வேறு. கேரளத்தில் மாத உபயோகம் 250 யூனிட் வரை, ஒவ்வொரு படிக்கும் அதற்குரிய விலையே விதிக்கப்படுகிறது. அவ்வெல்லையைத் தாண்டினால், கூடுதலான யூனிட்டுகளுக்கு மட்டுமன்றி முதல் யூனிட்டிலிருந்தே உயர்ந்த விலை கணக்கிடப்படும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அளவெடுப்பதால் வீட்டார் கவனிக்க வேண்டிய எண் 500. கன்னியாகுமரி மாவட்டத்தில் 2016 முதல் இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அங்கும் 500-ஐத் தாண்டும் இல்லத்துக்கு வேறு விலைப்பட்டியல் உண்டு. கோட்டின் இருபுறமும் ஒரே எண் வேலியாக நிற்பது விந்தையே! 75 வாட் மின்விசிறிகள் மூன்று நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுழன்றால் மாதம் 81 யூனிட் ஆகும். 28 வாட்டில் சுழலும் புதுவகை விசிறிகளாயின் 30 யூனிட்டே. வேலியருகில் நிற்கும் குடும்பத்துக்கு இந்த 50 யூனிட்டின் மதிப்பு அதன் நேர்விலையைவிடப் பன்மடங்கு அதிகம்.

நீரும் மின்சாரமும் கிணற்றடியில் சந்திக்கின்றன. ஒரு குதிரைத்திறன் மோட்டார் மணிக்குச் சுமார் ஒரு யூனிட் கொள்ளும். தொட்டி நிரம்பி வழிவதை எவரும் கவனியாத அரைமணி நேரத்தில் அரை யூனிட்டும் அவ்வளவு நீரும் சேர்ந்தே போகின்றன. குழாய்நீர் வாங்குவோருக்கு 2023 பிப்ரவரியில் கேரளத்தில் கட்டணம் லிட்டருக்கு ஒரு பைசா உயர்த்தப்பட்டது. ஒரு பைசா அற்பமாய்த் தோன்றலாம். ஆயிரம் லிட்டருக்கு அது பத்து ரூபாய். விநாடிக்கு ஒரு துளி சொட்டும் குழாய் நாளொன்றுக்கு நாலு லிட்டருக்கு மேல் இழக்கிறது. தேய்ந்த வாஷரை மாற்றுவது சில நிமிஷ வேலை.

கோடையில் கிணற்றுநீர் இறங்கினால் மோட்டார் அதிக உயரத்துக்கு நீரேற்ற வேண்டியிருக்கும். ஆதலால் கிணற்றை நிரப்புவதும் மின்சாரச் சிக்கனமே. இத்தென்கோடிக்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் கிடைக்கின்றன. ஐம்பது சதுரமீட்டர்க் கூரைமேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 500 லிட்டர் நீர் விழும். திருச்சூர் மாவட்டத்தில் 2008-இல் தொடங்கிய ‘மழப்பொலிம’ என்னும் திட்டம், கூரைநீரைக் குழாய்வழி இறக்கி வடிகட்டித் திறந்த கிணறுகளுக்குள் செலுத்தும் முறையைப் பரப்பியது. ஜல்லி, மணல், கரி ஆகியவற்றை அடுக்கிய ஒரு தொட்டியே இதற்கு வடிகட்டியாகும். பருவத்தின் முதல் மழைநீர் கூரைத் தூசியையும் பறவை எச்சத்தையும் அடித்துவருமாதலால், அதைக் கிணற்றில் விடாமல் வெளியே போக்கிவிடுதல் வேண்டும்.