விரலடியில் ஒரு மேடு

மெக்கானிக்கல் கீபோர்டு வாங்க நினைப்பவர் முதலில் கேட்பது, கீயின் அடியில் இருக்கும் சுவிட்சை அழுத்த எத்தனை கிராம் விசை வேண்டும் என்பதைத்தான். லீனியர் வகைக்கு அந்த எண் ஓரளவு போதும். அழுத்த அழுத்த ஸ்பிரிங் சீராக இறுகும், அவ்வளவே. அழுத்தும்போது விரலுக்கு ஒரு மேடு தட்டுப்படும் டாக்டைல் வகைக்கு அது போதாது. செர்ரி எம்எக்ஸ் பாணி சுவிட்சில், ஸ்டெம் எனப்படும் நடுத்தண்டின் காலில் ஒரு சிறு புடைப்பு உண்டு. தண்டு இறங்கும்போது அது உலோகத் தகட்டை உரசித் தள்ளிக்கொண்டு கடக்கிறது. விரல் உணரும் மேடு அதுதான். அது எந்த ஆழத்தில் தொடங்குகிறது, எவ்வளவு உயரம், கடந்ததும் விசை எவ்வளவு சட்டென்று சரிகிறது: சுவிட்சின் குணம் இவற்றில் இருக்கிறது. எம்எக்ஸ் பிரவுனில் மேடு மிகச் சிறியது. மொத்த ஓட்டம் 4 மி.மீ., பாதி தூரத்தில் எழுத்து பதிவாகும். எம்எக்ஸ் கிளியரில் மேடும் ஸ்பிரிங்கும் வலுவானவை. ஹோலி பாண்டா என்ற டாக்டைல் சுவிட்சிலோ விரல் வைத்த உடனேயே மேடு தொடங்கிவிடுகிறது. கிராம் கணக்கு இதைச் சொல்லாது. ஆழத்துக்கு எதிராக விசையைக் காட்டும் வரைபடம் சொல்லும்.

வரைபடம் எதற்கு, விரலால் அழுத்திப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். முடிவு விரலுடையதுதான். ஆனால் தனி சுவிட்ச் ஒன்றை மெல்ல அழுத்தும்போது சிறிய மேடும் துலக்கமாகத் தெரியும். வேகமாகத் தட்டச்சு செய்யும்போது அது கரைந்துவிடும். பிரவுன் வாங்கிய பலர் அதை லீனியர் போலவே உணர்வது இதனால்தான். முழு வாக்கியங்களாக அடித்துப் பார்ப்பதே நியாயமான சோதனை. எப்படியும் எல்லோரும் அடிவரை அழுத்துகிறார்கள், மேடு எதற்கு என்ற வாதமும் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் கீயின் மேல் ஓய்வாகக் கிடக்கும் விரலுக்கும், அழுத்த முனையும் விரலுக்கும் நடுவே மேடு ஒரு தடையாக நிற்கிறது. அந்த வேலை அடிவரை அழுத்துபவருக்கும் பயன்படும்.

ஒலியை மட்டும் சுவிட்சிடம் எதிர்பார்க்கக் கூடாது. எம்எக்ஸ் புளூவின் ‘கிளிக்’, தண்டின் மேல் தனியாக நகரும் ஒரு துண்டு எழுப்புவது. டாக்டைலில் அது கிடையாது. நாம் கேட்பது தண்டு அடியிலும், திரும்பி மேலேயும் மோதும் ஓசை. சுவிட்சின் உறை நைலானா பாலிகார்பனேட்டா என்பதைப் பொறுத்து அது மாறும், மறுப்பதற்கில்லை. ஆனால் கீகேப்பின் தடிமன், சுவிட்சைத் தாங்கும் பிளேட், கீபோர்டு கூட்டின் வெற்றிடம் ஆகியவை அதைவிட அதிகம் மாற்றுகின்றன. அமைதி வேண்டுபவருக்கு, மோதும் இடங்களில் மென்மையான திண்டு வைத்த போபா யு4 போன்ற சுவிட்சுகள் உண்டு. அவற்றில் மேடு குறையாது. அடித்தளத்தில் மோதும் கெட்டித்தன்மைதான் குறையும்.