பொடியாகிப் போகும் சன்னம்

புதுக்கோட்டையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் வழியில், நெடுஞ்சாலையை விட்டுச் சற்றே விலகினால் நார்த்தாமலை என்னும் சிற்றூர் வரும். மொட்டைக் கற்குன்றுகளும், அவற்றுள் ஒன்றின்மீது அமைந்த விசயாலய சோழீச்சுரம் என்னும் பழங்கோயிலும் அவ்வூருக்குப் பெருமை சேர்ப்பவை. தமிழகத்துக்கு யாத்திரை போய்வந்த நம்மவர் சிலர் அக்கோயிலைக் கண்டிருத்தல் கூடும். அக்குன்றுகளின் பக்கத்திலேதான் காவற் படையினர் குறிபார்த்துச் சுடப் பழகும் தளம் ஒன்றும் இருந்தது.

2021 டிசெம்பர் 30ஆம் திகதி காலை, மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் அத்தளத்திலே சுட்டுப் பழகிக்கொண்டிருந்தனர். ஒரு கிலோமீற்றருக்கும் அப்பால், தன் பாட்டனார் வீட்டில் இருந்த பதினொரு வயதுச் சிறுவனின் தலையில் சன்னம் ஒன்று பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவமனையில் சத்திர சிகிச்சை செய்தும் பயனில்லை. 2022 ஜனவரி 3ஆம் திகதி அப்பிள்ளை இறந்துவிட்டான்.

அன்று அங்கே பகைவன் எவனும் இல்லை. எவரும் எவரையும் கொல்லக் கருதவுமில்லை. பயிற்சி முடிந்ததும் மண்மேட்டிலே புதைந்து மறைந்திருக்க வேண்டிய ஓர் உலோகத் துண்டு, தன் வேலை முடிந்த பின்னரும் பயணத்தைத் தொடர்ந்தது. அவ்வளவே நிகழ்ந்தது. துப்பாக்கியின் ஓசையை ஏட்டிலே மட்டும் படித்தறிந்தவர்கள் அல்லர் நம் வீரமுனை, சம்மாந்துறை, கல்முனைப் பகுதி மக்கள். ஆகவே இச்செய்தியை வாசிக்கும் எவருக்கும் எழக்கூடிய கேள்வி நமக்குச் சற்று அழுத்தமாகவே எழும். பழகுவதற்கென்று சுடும் சன்னத்தை, சுட்ட பின் தானாகவே அழிந்துபோகும்படி செய்ய முடியாதா?

முடியும் என்பதே விடை. ஆனால், அந்த விடையைக் கேட்டவுடன் திருப்தி அடைந்துவிடலாகாது என்பதைக் காட்டவே இக்கட்டுரை.

இம்முயற்சியின் புகழ்பெற்ற அத்தியாயம் இரண்டாவது உலக மகாயுத்த காலத்தது. 1942 ஏப்பிரல் 9ஆம் திகதி நமது மட்டக்களப்புக் கடலிலே மூழ்கிய ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை வாசகர்கள் அறிவர். விமானந்தாங்கி என்று பெயரே தவிர, அன்று அதன் தளத்தில் ஒரு விமானங்கூட இருக்கவில்லை. யப்பானிய விமானங்கள் அலையலையாக வந்து செங்குத்தாகப் பாய்ந்து குண்டு பொழிந்தபோது, கப்பலின் துப்பாக்கிகளைப் பிடித்திருந்த வீரர்களே அதற்குத் துணை. முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குண்டுவீச்சு விமானங்களை மட்டுமே நம்பி நெடுந்தூரம் பறந்த வீரர்களின் நிலையும் இதைவிட மேலானதன்று. பறக்கும் பொருளைச் சுட்டு வீழ்த்துவது எத்துணை அரிய கலை என்பதை அந்த யுத்தம் எல்லா நாட்டாருக்கும் உணர்த்தியது.

ஏன் அரிது? பறந்து செல்லும் கொக்கைக் கவணால் அடிக்க முயன்ற சிறுவர்களுக்கு இது விளங்கும். கொக்கு இருக்கும் இடத்தை நோக்கி எறிந்தால் கல் அதன் வாலுக்குப் பின்னாற் போகும். அது போகப்போகும் இடத்தை நோக்கியே எறிதல் வேண்டும். எவ்வளவு முன்னே என்பது கொக்கின் வேகத்தையும் கல்லின் வேகத்தையும் பொறுத்தது. மணிக்கு ஐந்நூறு கிலோமீற்றர் வேகத்தில் பாய்ந்து வரும் போர்விமானத்தை, தானும் பறந்துகொண்டே சுட வேண்டிய வீரன் இக்கணக்கைக் கண்ணிமைப்பதற்குள் போட வேண்டும். அவனைப் பழக்க என்ன வழி? ஒரு விமானத்தின் பின்னே நீண்ட கயிற்றில் துணிப்பை ஒன்றைக் கட்டி இழுத்துச் செல்வார்கள். அதைச் சுடச் சொல்வார்கள். துணிப்பை நேராகப் போகும். பகைவனின் விமானமோ வளைந்து வந்து பாயும். அசையாக் குதிரையில் ஏறிக் குதிரையேற்றம் பழகியது போலத்தான்.

1942ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்து ஹார்லிஞ்சன் சுடுபயிற்சிப் பள்ளியில் இருந்த மேஜர் கமெரன் பெயர்சைல்ட் என்பவர் துணிச்சலான யோசனை ஒன்றை முன்வைத்தார். உண்மையான விமானத்தையே, அதுவும் விமானி உள்ளே இருக்கும்போதே, மாணவர்கள் சுட்டால் என்ன? அதற்கு வேண்டியது விமானத்தின் தகட்டில் பட்டதும் பொடியாகிப் போகும் சன்னம். டியூக் பல்கலைக்கழகத்து இரசாயனப் பேராசிரியர் போல் குறோஸ் இப்பணியில் இறங்கினார். ஈயத் தூளையும் பேக்கலைற்றையும் கலந்து அழுத்திச் செய்த சன்னம் பிறந்தது. பழைய வானொலிப் பெட்டிகளையும் கறுப்பு நிறத் தொலைபேசிகளையும் ஆக்கிய அதே பேக்கலைற்றுத்தான்.

இலக்காகப் பறந்தது பெல் கம்பனியின் கிங்கோப்ரா விமானம். அதன் உடல் முழுவதும் தடித்த தகட்டால் போர்த்தப்பட்டது. தகட்டின் உட்புறத்தில் உணர்கருவிகள் இருந்தன. சன்னம் பட்ட கணமே விமானத்தின் மூக்கில் விளக்கு மினுங்கும். சுட்ட மாணவன் தன் குறி பலித்ததை அங்கேயே கண்டுகொள்வான். கேளிக்கைச் சாலைகளில் உள்ள பந்தாட்ட யந்திரம் ஒன்று பந்து பட்டதும் ஒளிவிடும். அதன் பெயரால் இந்த விமானத்தைப் ‘பின்போல்’ என்றே அழைத்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட விமானங்கள் இவ்வாறு ஆக்கப்பட்டன.

இதிலே மாணவர்கள் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. இந்தச் சன்னத்தின் வேகம் சாதாரணச் சன்னத்தின் வேகத்திற் பாதியளவே. இது குறையென்று தோன்றும். ஆனால், எவ்வளவு முன்னே குறிவைப்பது என்பது இலக்கின் வேகத்துக்கும் சன்னத்தின் வேகத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது அன்றோ? சன்னம் பாதி வேகத்தில் போனால், இலக்கு விமானம் இருமடங்கு வேகத்தில் பறப்பது போன்ற கணக்கே மாணவனுக்குக் கிடைக்கும். குறையே பாடமாக மாறியது. எனினும், அவ்விமானங்களை ஓட்டிச் சென்றவர்களின் நெஞ்சுரத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். பொடியாகும் சன்னங்களின் வரிசையில் மெய்யான சன்னம் ஒன்று தவறிக் கலந்துவிட்டாலோ?

யுத்தம் முடிந்ததும் அத்திட்டமும் முடிந்தது. ஆனால், அக்கேள்வி முடியவில்லை. இன்றைய உடையும் சன்னங்களிற் பெரும்பாலானவை செப்புத் தூளும் வெள்ளீயத் தூளும் கலந்து, அச்சிலே அழுத்தி, செம்பு உருகாத அளவு வெப்பத்திற் சுட்டெடுக்கப்படுபவை. துகள்கள் முற்றாக உருகிக் கலப்பதில்லை. ஒன்றையொன்று தொடும் இடங்களில் மாத்திரம் பற்றிக்கொள்கின்றன.

வீட்டிலே எள்ளுருண்டை பிடிக்கும் தாய்மாருக்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை. பாகு குறைந்தால் உருண்டை கையிலேயே உதிரும். பாகு முற்றினால் பல்லை உடைக்கும். சன்னம் செய்பவரின் சங்கடமும் அதுவே, ஆயிரம் மடங்கு பெரிதாக. துப்பாக்கிக் குழலின் உள்ளே சன்னத்தை உந்தும் வாயுவின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தின் மூவாயிரம் மடங்கை எட்டும். குழலின் உட்புறத்தில் வெட்டப்பட்ட திருகுசாலில் ஏறிச் சன்னம் சுழல்கிறது. 305 மில்லிமீற்றருக்கு ஒரு சுற்று என்னும் திருகில், விநாடிக்கு 838 மீற்றர் வேகத்தில் வெளிவரும் சன்னம் விநாடிக்கு ஏறக்குறைய 2,750 தடவை சுழலும். வேகமாக ஓடும் மோட்டார்ச் சைக்கிளின் எஞ்சினுடைய சுழற்சியைவிட இது பன்மடங்கு மிகுதி. அந்த அழுத்தத்தையும் சுழற்சியையும் தாங்கி முழுதாக வெளிவர வேண்டும். வந்து, இரும்பிலே பட்ட அக்கணமே மணலாக உதிர வேண்டும். ஓரிடத்தில் வலிமை, மற்றோரிடத்தில் வலுவின்மை. ஒரே பொருளிடம் இரண்டையும் கேட்கிறோம்.

இனி, சாதாரணச் சன்னம் இரும்பு இலக்கிற் பட்டால் நிகழ்வதென்ன? குளத்து நீரின்மீது ஓட்டுத் துண்டைச் சாய்வாக எறிந்தால் அது தத்தித் தத்திப் போவதைக் கண்டிருக்கிறோம். சன்னமும் சாய்வாகப் பட்டால் தெறித்து, எதிர்பாராத திக்கிலே போகும். நேராகப் பட்டால் அதன் ஈயமும் செப்புறையும் சிதறிச் சுட்டவனை நோக்கியே திரும்பக்கூடும். ஆகையால் வீட்டறைகளுக்குள்ளும் கப்பற் கூடங்களிலும் சண்டையிடப் பழகும் காவலருக்கு உடையும் சன்னம் பேருதவி. சுவர்கள் நெருங்கியுள்ள இடத்தில் தெறிப்புக்கு அஞ்ச வேண்டிய தேவை பெரிதுங் குறைகிறது.

ஆனால் ‘பாதுகாப்பான சன்னம்’ என்று சிலர் இதைப் புகழ்வதை நான் ஒப்பவில்லை. உடைவதற்கு அதற்கு வன்மையான பொருள் ஒன்று எதிர்ப்பட வேண்டும். மனித உடல் இரும்பன்று. சதையிலே இச்சன்னம் உடையாமல் மற்றைச் சன்னத்தைப் போலவே ஆழப் பாயும். சன்னமே இல்லாத வெற்றுத் தோட்டாவுங்கூட விளையாட்டுப் பொருளன்று. 1984ஆம் ஆண்டிலே ஜோன்-எரிக் ஹெக்சம் என்னும் அமெரிக்க நடிகர், படப்பிடிப்பு இடைவேளையில் வெற்றுத் தோட்டா இட்ட கைத்துப்பாக்கியைத் தம் நெற்றிப் பொட்டில் வைத்து விளையாட்டாகச் சுட்டு உயிரிழந்தார். நம் வயற்காவலில் யானையை விரட்டக் கொளுத்தும் யானைவெடி ஓசைக்காகச் செய்யப்பட்டதே. ஆயினும் கையிலேயே வெடித்துவிட்டால் விரலை விட்டுவைக்குமா?

நார்த்தாமலைச் சிறுவனிடம் இப்போது திரும்புவோம். அன்று சுட்டவர்களிடம் செப்புத் தூட் சன்னம் இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பானா? இலக்கையும் மண்மேட்டையும் தாண்டி வெறும் வெளியிலே பறக்கும் சன்னத்துக்கு, உடைவதற்கு எதிரே ஒன்றுமில்லை. தெறிப்பது ஓர் ஆபத்து; தாண்டிப் பறப்பது வேறோர் ஆபத்து. முன்னதற்குச் செய்த மருந்து பின்னதற்கு ஆகாது. பத்திரிகைகளிலும் பேச்சிலும் இவ்விரண்டையும் ஒன்றாகவே கொள்வதை அடிக்கடி காண்கிறோம்.

பின்னதற்கும் வழிகள் காணப்பட்டிருக்கின்றன. சுவீடன் நாட்டார் பயிற்சிக்கு மரச் சன்னம் செய்தார்கள்; குழலின் வாயிலே பொருத்திய கருவியில் பட்டு அது அங்கேயே தும்பு தும்பாகும். பிரித்தானியர் தம் பெரிய பீரங்கிகளுக்கு, உலோகத் தூள் அடைத்த பிளாஸ்டிக் குண்டு ஒன்றைச் செய்தனர். குழலை விட்டு வெளிவந்ததும் சுழற்சியின் வேகத்தாலேயே உறை கிழிந்து தூள் சிதறிவிடும். எடை மெய்யான குண்டின் எடைக்கு நெருங்கியதாகையால் பீரங்கி வழக்கம்போற் பின்னே உதைக்கும். அதன் யந்திரம் சரியாக இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். ஆனால் குறி பழக இது உதவாது. பீரங்கியின் முன்னே சிறிது தூரம் வரை மரண வலயமே என்பதையும் மறக்கலாகாது.

மூன்றாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஏனெனில் அதில் மாயமில்லை, பௌதிகமே உண்டு. இறகுப்பந்தை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் சிறிது தூரத்திலேயே சோர்ந்து விழுகிறது அல்லவா? இலேசான பொருளின் வேகத்தைக் காற்று விரைவிலே தின்றுவிடும். அமெரிக்கப் படையினரிடம் உள்ள எம் 862 என்னும் பயிற்சித் தோட்டாவின் சன்னம் நீலநிறப் பிளாஸ்டிக்கால் ஆனது. அது மிகத் தொலைவாகப் போனாலும் 250 மீற்றரே. அதே துப்பாக்கியின் சாதாரணச் சன்னமோ மூன்று கிலோமீற்றருக்கு மேலும் போகும். குறை என்னவென்றால், 25 மீற்றருக்கு மேற்பட்ட இலக்குக்கு அது பயன்படாது. துப்பாக்கியின் உறுப்பு ஒன்றையும் மாற்றிப் பூட்ட வேண்டும். நெடுந்தூரக் குறி பழகுவோருக்கு உயர்ந்த மண்மேடும், பின்னே ஆளில்லா நிலமும், எப்போது சுடுவது எப்போது நிறுத்துவது என்ற கட்டுப்பாடுமே இன்றுவரை காவல். நார்த்தாமலையைப் போல ஊர்கள் நெருங்கிவிட்ட இடங்களில் அந்த ஆளில்லா நிலத்தை எங்கே தேடுவது?

இன்னுமொரு செய்தி உண்டு. அது சன்னம் உடைந்த பின்னர் அதன் பொடி என்ன ஆகிறது என்பது பற்றியது.

ஈயம் நஞ்சு. இந்த அளவு வரை உடலிற் சேர்ந்தாற் கேடில்லை என்று சொல்லத்தக்க அளவு ஏதுமில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. மூடிய கூடங்களில் நாள்தோறும் சுடுபயிற்சி அளிக்கும் ஆசிரியர்கள் ஈயத் தூளைச் சுவாசித்து நோயுற்றதனாலேயே செம்பும் வெள்ளீயமும் அதனிடத்துக்கு வந்தன. செம்பு ஈயத்தைவிட இலேசானது; ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பினது 9க்குச் சற்றுக் குறைவு. அதனால் சன்னம் பறக்கும் விதம் சிறிது மாறும். அடர்த்தி குன்றாமல் ஈயத்தை மட்டும் நீக்க எண்ணிய அமெரிக்கர், தங்ஸ்தன் தூளை நைலோனுடன் சேர்த்துச் சன்னம் செய்தார்கள். ஈயத்தின் அடர்த்தியை எட்ட அக்கலவை உதவியது. தங்ஸ்தன் மண்ணிலே கரையாது என்றே எண்ணியிருந்தார்கள்.

மசாசூசெற்ஸ் மாநிலத்தின் கேப் கொட் என்னும் கடலோர நிலத்தில் உள்ள எட்வேர்ட்ஸ் முகாமில் அச்சன்னங்களைச் சுட்டுப் பழகினர. அந்நிலம் மணற்பாங்கானது. அதன் அடியில் உள்ள நீரையே சுற்றியுள்ள ஊர்கள் குடிக்கின்றன. சில ஆண்டுகளில் தங்ஸ்தன் மண்ணில் இறங்கி நிலத்தடி நீரிலே காணப்பட்டது. 2006ஆம் ஆண்டிலே அங்கு அச்சன்னத்தின் உபயோகம் நிறுத்தப்பட்டது.

கல்முனையிலிருந்து மட்டக்களப்பு வரை நம் கரையோரமும் அத்தகைய மணல்தான். இரண்டு ஆள் ஆழத்திலே நன்னீர் கிடைக்கும். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர், கடல்நீர் புகுந்த கிணறுகளை எத்தனை முறை இறைத்தும் உப்பு மாறாமல் மாதக்கணக்கில் தண்ணீர்ப் பவுசரின் பின்னே குடத்துடன் நின்ற குடும்பங்கள் இவ்வூர்களிலே ஏராளம். மேலே தூவியது கீழே இறங்க இம்மண்ணில் நெடுங்காலம் வேண்டியதில்லை.