பச்சை உடம்பும் 42 கிலோமீட்டரும்

மாரத்தான் பந்தயத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர். சாதாரண ஓட்டக்காரர் ஓடி முடிக்க நாலு மணி முதல் ஆறு மணி நேரம் வரை ஆகும். அந்த ஒரு காலைப் பொழுதை எந்தக் குடும்பமும் சமாளித்துவிடும். வீட்டை உண்மையில் அசைத்துப் பார்ப்பது அதற்கு முந்தைய நாலு மாதப் பயிற்சிதான். வாரத்தில் நாலைந்து நாள் ஓட வேண்டும். 50, 60 கிலோமீட்டர் சேர வேண்டும். அதில் ஒரு நாள், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை, நெடு ஓட்டம். 15 கிலோமீட்டரில் தொடங்கி 30, 32 வரை அது ஏறும். கடைசி வாரங்களில் அதற்கு மட்டுமே மூன்றரை மணி நேரம் போகும். வந்ததும் குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், கொஞ்ச நேரமாவது காலை நீட்டிப் படுக்க வேண்டும். முந்தின இரவு ஒன்பது மணிக்கே தூங்கப் போயிருக்கவும் வேண்டும்.

சென்னை மாதிரி ஊரில் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. ஏழு மணிக்கு மேல் தார்ச்சாலையில் ஓட முடியாது என்பதால் நெடு ஓட்டக்காரர்கள் நாலரை மணிக்கெல்லாம் கடற்கரைச் சாலைக்கு வந்துவிடுகிறார்கள். மற்ற நாள் ஓட்டமும் விடியலில்தான். பள்ளி நாட்களில் ஆறிலிருந்து எட்டு மணி வரைதான் வீட்டிலும் நெருக்கடியான நேரம். பால் காய்ச்ச வேண்டும், டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும், தலை பின்ன வேண்டும், ஸ்கூல் வேன் ஹாரன் அடிப்பதற்குள் ஒற்றை ஷூவைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அப்பா ஓடப் போனால் வீடு தன்பாட்டுக்கு நடக்கிறது. அம்மா ஓடப் போனால், அவள் திரும்பி வரும்வரை பிள்ளையை யார் பார்ப்பது என்பது முந்தின இரவே முடிவாகியிருக்க வேண்டும். தாயான பிறகும் ஓடிச் சாதித்தவர்களின் கதைகள் பெரும்பாலும் மன உறுதியின் கதைகளாகவே சொல்லப்படுகின்றன. மன உறுதி இல்லாமல் யாரும் 42 கிலோமீட்டர் ஓடிவிடவில்லை. ஆனால் அந்தக் கதைகளைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் அந்த நேரத்துக்குப் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்ட ஒருவர் இருக்கிறார்.

முதலில் உடம்பு. கர்ப்ப காலத்தில் தாயின் ரத்த அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. இதயம் ஒவ்வொரு நிமிடமும் வழக்கத்தைவிட அதிக ரத்தத்தைத் தள்ளுகிறது. பிள்ளை பெற்றால் ஓட்டம் வேகமாகும் என்ற பேச்சு ஓட்டக்காரர்களிடையே உலவுவதற்கு இதுதான் காரணம். ஆனால் கூடிய ரத்தம் பிரசவம் முடிந்த சில வாரங்களில் பழைய அளவுக்கு இறங்கிவிடும். மெதுவாகத் திரும்புவது வேறு சில விஷயங்கள். வயிற்றின் நடுவே விலகிய தசைகள் நெருங்கி வர வேண்டும். கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகள் இறுக வேண்டும். சிசேரியன் என்றால் மேல்தோல் சீக்கிரம் கூடிவிடும். உள்ளே தைத்த அடுக்குகள் பலம் பெற மாதக்கணக்கில் ஆகும். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான அழுத்தம் காலில் இறங்கி, இந்த ஆறாத இடங்களுக்கெல்லாம் ஏறுகிறது.

பிரிட்டனில் மூன்று பிசியோதெரபிஸ்ட்கள் சேர்ந்து 2019-ல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டார்கள். குறைந்தது 12 வாரம் கழியாமல் ஓட வேண்டாம் என்பது அதன் சாரம். 12 வாரம் ஆனால் மட்டும் போதாது, சில சோதனைகளும் உண்டு. வலியில்லாமல் 30 நிமிடம் நடக்க வேண்டும். ஒற்றைக் காலில் 10 நொடி நிற்க வேண்டும். நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓட்டம்போல் கால் தூக்கிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு காலிலும் 10 முறை நொண்டியடிக்க வேண்டும். இவற்றில் எதன்போதாவது சிறுநீர் கசிந்தாலோ, கீழே எதுவோ இறங்கி வருவதுபோல் கனத்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். பிள்ளை பெற்றால் இதெல்லாம் சகஜம் என்று பல பெண்கள் கசிவைச் சொல்லாமலே ஆண்டுக்கணக்கில் பஞ்சு வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். சகஜமாகப் பலருக்கும் வருவது உண்மை. சரியான பயிற்சியில் பெரும்பாலும் குணமாகக்கூடியது என்பதும் உண்மை. இதை யாரும் அவர்களிடம் சொல்லாமல் விடுவதுதான் வேதனை.

பிரசவித்தவளைப் ‘பச்சை உடம்புக்காரி’ என்கிறது தமிழ். தாய்வீட்டுக்கு அழைத்துப்போய், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் புருஷன் வீட்டில் கொண்டுவந்து விடும் வழக்கம் இருக்கிறது. 12 வாரக் கணக்குக்கு அது பக்கத்தில் வருகிறது. ஆனால் அவ்வளவு நாளும் படுக்கையிலேயே கிடக்கச் சொல்வதில் பயனில்லை. உடல்நிலை இடம் கொடுத்தால் கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஓட்டத்துக்குத் திரும்ப நினைக்கும் தாய்க்கு நடைதான் முதல் படி.

பிரிட்டனின் பவுலா ராட்க்ளிஃப் 2007 ஜனவரியில் மகளைப் பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் மாரத்தானை 2 மணி 23 நிமிடம் 9 நொடியில் ஓடி வென்றார். இந்த வெற்றி எல்லாக் கட்டுரைகளிலும் வருகிறது. பிரசவம் ஆன கொஞ்ச நாளிலேயே ஓடத் தொடங்கி, இடுப்புக்குப் பின்னால் இருக்கும் திரிக எலும்பில் விரிசல் விழுந்து, நடுவே மாதக்கணக்கில் பயிற்சியை அவர் இழந்தது அவ்வளவாக வருவதில்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் படிக்கும் இளம்தாய்க்கு அது உதவும்.

அடுத்தது பால். ஓடினால் பால் வற்றிவிடும், புளித்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். மிதமான ஓட்டத்தால் பாலின் அளவும் குறைவதில்லை, குழந்தையும் குடிக்க மறுப்பதில்லை. பால் குறைவது தாய் போதுமான அளவு சாப்பிடாதபோதுதான். முதல் ஆறு மாதம் பால் கொடுக்கும் தாய்க்கு நாளொன்றுக்குக் கூடுதலாக 600 கலோரி தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்கு. ஓட்டத்துக்கான சாப்பாடு அதற்கு மேல் தனி. கர்ப்பத்தில் கூடிய எடையைக் குறைக்க வேண்டும் என்று சாப்பாட்டையும் குறைத்து, ஓட்டத்தையும் கூட்டி, பாலும் கொடுத்தால் அடி எலும்பில் விழும். தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் எலும்பின் அடர்த்தி இயல்பாகவே சற்றுக் குறைந்து, பால் மறந்தபின்தான் மீள்கிறது.

அன்றாட நடைமுறை எளியது. கிளம்பும் முன் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட வேண்டும்; மார்பு கனமில்லாமல் இருக்கும், வரும்வரை பிள்ளையும் தாங்கும். நேரம் தவறினால் பால் கட்டிக்கொள்ளும். கட்டிய பால் காய்ச்சலில் கொண்டுபோய் விடும்.

இந்தப் பால் கட்டும் பயத்தோடு 268 மைல், அதாவது 431 கிலோமீட்டர், ஓடியவர் பிரிட்டனின் ஜாஸ்மின் பாரிஸ். தொழிலில் கால்நடை மருத்துவர். 2019 ஜனவரியில் நடந்த ஸ்பைன் ரேஸில் கலந்துகொண்டபோது மகளுக்கு 14 மாதம். பந்தயத்துக்கு முன்பே பால் மறக்கடித்துவிடலாம் என்ற எண்ணம், குழந்தைக்கு அடுத்தடுத்து உடம்பு சரியில்லாமல் போனதால் நடக்கவில்லை. இங்கிலாந்தின் ஈடேலிலிருந்து ஸ்காட்லாந்தின் கிர்க் யெத்தோம் வரை பனியும் சேறுமான மலைமுகட்டுப் பாதை. பகல் குறைந்த குளிர்காலம். மற்றவர்கள் சாப்பிட்டுக் கண்ணயரும் சாவடிகளில் அவர் பம்பை எடுத்து வைத்துப் பாலை எடுத்தார். தூக்கம் மொத்தம் சுமார் மூன்று மணி நேரம். கடைசிக் கட்டத்தில் பாறைகளெல்லாம் மிருகங்களாகத் தெரிந்தன என்று பிறகு சொன்னார். 83 மணி 12 நிமிடத்தில் எல்லை தொட்டபோது ஆண்களையும் சேர்த்து அவர்தான் முதல். பழைய சாதனையை விட 12 மணி நேரம் குறைவு. அங்கே கணவரும் மகளும் காத்துக்கொண்டிருந்தார்கள். கணவரும் மலை ஓட்டக்காரர் என்பதைக் கவனிக்க வேண்டும். விடியலுக்கு முன் அவள் ஏன் எழுந்து போகிறாள் என்று கேட்கத் தேவையில்லாத வீடு அது.

எல்லா வீடும் அப்படி அமைவதில்லை என்பதால் கென்யாவின் உதாரணம் பயன்படும். ரிஃப்ட் பள்ளத்தாக்கின் மேட்டு நிலத்தில் ஓட்டம் ஒரு தொழில். பரிசுப் பணத்தில்தான் நிலம் வாங்குவதும் வீடு கட்டுவதும் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுவதும். தாய் ஓடப் போவது அங்கே பொழுதுபோக்கல்ல, வேலைக்குப் போவது. அதனால் வீடும் அதற்கேற்ப நகர்கிறது. 2011-லும் 2013-லும் உலக சாம்பியன் பட்டம் வென்ற எட்னா கிப்லகட், தான் பெற்ற பிள்ளைகளோடு, இறந்துபோன சகோதரியின் பிள்ளைகளையும் வளர்த்தவர். கணவர் கில்பர்ட் கோயெச் தானும் ஓட்டக்காரராக இருந்து, மனைவியின் பயிற்சியாளராக ஆனவர். 2017-ல் பாஸ்டன் மாரத்தானை வென்றபோது கிப்லகட்டுக்கு வயது 37.

கணவரின் தோள் போதாத வீடுகளில் அந்தப் பாரம் இன்னொரு பெண்ணிடம் போகிறது. கென்யாவில் சொந்தத்திலிருந்து வந்து தங்கும் பெண். இங்கே மாமியார், அம்மா, அல்லது சம்பளத்துக்கு வரும் ஆயா. ஆயாவுக்கும் தன் வீட்டில் ஒரு பிள்ளை இருக்கலாம். ஞாயிறு காலை ஐந்து மணிக்கு அவரை வரச் சொல்லும்போது இதை நினைத்துக்கொள்வதும் அதற்கேற்பப் பணம் கொடுப்பதும் நியாயம்.

2021 ஆகஸ்ட் 7-ம் தேதி ஜப்பானின் சப்போரோவில் நடந்த ஒலிம்பிக் பெண்கள் மாரத்தானில் இந்தக் கதையின் இரண்டு முகங்களையும் சேர்த்துப் பார்க்க முடிந்தது. வெப்பத்துக்குப் பயந்து பந்தயத்தை ஒரு மணி நேரம் முன்னதாக, காலை ஆறு மணிக்கே தொடங்கினார்கள். தங்கம் வென்றவர் கென்யாவின் பெரெஸ் ஜெப்சிர்சிர். 2017-ல் மகளைப் பெற்று, அதற்காக ஓட்டத்தை நிறுத்தி, நிதானமாகத் திரும்பியவர். வெள்ளி வென்ற பிரிஜிட் கோஸ்கெய் இரட்டைப் பிள்ளைகளின் தாய். அமெரிக்காவின் அலிஃபைன் டுலியாமுக் என்பவரும் அதே வரிசையில் நின்றார். 2020 பிப்ரவரியில் தகுதிப் போட்டியை வென்றவர் அவர். கொரோனாவால் ஒலிம்பிக் ஓராண்டு தள்ளிப்போனதும், அந்த இடைவெளியில் பிள்ளை பெற முடிவு செய்தார். 2021 ஜனவரியில் மகள் பிறந்தாள். வெளிநாட்டுக் குடும்பத்தினருக்கு அனுமதியில்லை என்ற விதியால், பால்குடிக்கும் பிள்ளையை விட்டுவிட்டுப் போக வேண்டிய நிலை வந்தது. அவரும் வேறு தாய்மார்களும் குரல் கொடுத்த பிறகே கைக்குழந்தைகளுக்கு விலக்கு கிடைத்தது. பிரசவமாகி ஏழு மாதம்கூட நிறையாத அந்த உடம்பு இடுப்பு வலியால் பாதி வழியில் நின்றுபோனது. அவர் தோற்றார் என்று எழுதுவது தவறு. தங்கம் வென்றவருக்குக் கிடைத்த ஆண்டுகள் அவருக்குக் கிடைக்கவில்லை.

காலம் கொடுப்பது வீட்டின் கையில் மட்டும் இல்லை. தொழில்முறை ஓட்டக்காரருக்கு ஷூ நிறுவனத்தின் ஒப்பந்தம்தான் சம்பளம். ஓடாத மாதங்களில் அதைக் குறைக்கும் ஷரத்துகள் கர்ப்பத்துக்கும் பொருந்தின. அமெரிக்க ஓட்டக்காரர்களான அலிசியா மோன்டானோ, காரா கவுச்சர், அலிசன் ஃபெலிக்ஸ் ஆகியோர் 2019-ல் இதை வெளிப்படையாகப் பேசினார்கள். அதே ஆண்டு நைக்கி தன் ஒப்பந்தத்தை மாற்றி, கர்ப்பத்தை ஒட்டி 18 மாதங்களுக்குப் பணத்தைக் குறைப்பதில்லை என்று எழுதியது. சாதாரணப் பெண்களைத் தொட்டது வேறு விதி. பெரிய பந்தயங்கள் பலவற்றில் இடம் கிடைப்பதே குலுக்கலில்தான். கிடைத்த இடத்தைக் கர்ப்பிணி அடுத்த ஆண்டுக்கு மாற்ற முடியாமல் இருந்தது. பிரிட்டனின் சோஃபி பவர் 2018-ல் மூன்று மாதக் குழந்தையோடு ஆல்ப்ஸில் மோன் பிளாங்க் மலையைச் சுற்றும் யூ.டி.எம்.பி. ஓட்டத்துக்குப் போனதற்கு அதுதான் காரணம். பாதி வழியில், ஒரு மார்பில் குழந்தை குடிக்க, மறுபக்கம் பம்பைப் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருந்த படம் உலகமெங்கும் பரவியது. பக்கத்தில் இன்னொரு ஓட்டக்காரர் தரையில் படுத்து இளைப்பாறிக்கொண்டிருந்தார். படத்தைப் பார்த்து வியந்தவர்கள் அநேகம். அவரோ விதியை மாற்றத்தான் பாடுபட்டார். இன்று யூ.டி.எம்.பி.யும் லண்டன், பாஸ்டன் மாரத்தான்களும் கர்ப்பிணிகளுக்கு இடத்தைத் தள்ளிவைத்துத் தருகின்றன.

ஓட்டத்தைத் தொழிலாகக் கொள்ளாத தாய்மார்களுக்கு வீட்டோடு ஒத்துப்போகும் சில வழிகள் இருக்கின்றன. நார்வேயின் மாரத்தான் ஓட்டக்காரர் இங்க்ரிட் கிறிஸ்டியான்சென் பனிக்காலத்தில் ட்ரெட்மில்லிலேயே பெரும்பகுதிப் பயிற்சியை முடித்தவர். குழந்தை தூங்கும் முக்கால் மணி நேரம் அதற்குப் போதும். ஓட்டத்துக்கென்றே செய்யப்பட்ட மூன்று சக்கரத் தள்ளுவண்டியில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஓடலாம். கழுத்து நன்றாக நிற்க வேண்டும், ஆறு மாதத்துக்குமேல் ஆகியிருக்க வேண்டும், நல்ல நடைபாதையும் வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையால்தான் நம் ஊர்களில் அது அரிதாக இருக்கிறது. பயிற்சி அட்டவணையைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைக்கும் வீடுகள் உண்டு. ஞாயிறு அம்மாவுக்கு, சனி அப்பாவுக்கு என்று எழுதிவிட்டால், ஒவ்வொரு வாரமும் அவள் கெஞ்ச வேண்டியதில்லை. இரவு முழுக்கப் பிள்ளை அழுதிருந்தால் மறுநாள் ஓட்டத்தை விட்டுவிட்டுத் தூங்குவதே நல்ல பயிற்சி. தூங்காத உடம்பில் தசையும் ஆறாது, எலும்பும் ஆறாது.

கிறிஸ்டியான்சென் 1983 ஆகஸ்டில் மகனைப் பெற்றார். ஐந்தே மாதத்தில், 1984 ஜனவரியில், அமெரிக்காவின் ஹூஸ்டன் மாரத்தானை 2:27:51 நேரத்தில் வென்றார். அடுத்த ஆண்டு லண்டனில் 2:21:06 ஓடி உலக சாதனை படைத்தார். அதே ஹூஸ்டனில் 2022 ஜனவரியில் அமெரிக்க தேசிய சாதனையை 2:19:12 என்று மாற்றி எழுதியவர் கீரா டி’அமாட்டோ. வீடு, மனை விற்றுக்கொடுக்கும் தொழில் செய்பவர். காயத்தால் ஓட்டத்தை ஒருமுறை கைவிட்டு, இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு சில நிமிட ஓட்டத்திலிருந்து மறுபடி தொடங்கியவர். அன்று அவருக்கு வயது 37. பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குப் போகும் வயதில் இருந்தார்கள்.