பெரும்பொழுதுகளும் கரைவெட்டி ஏரியும்

பண்டைத் தமிழர் ஓர் ஆண்டினைக் கார், குளிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஒவ்வொன்றும் இரு திங்கள் அளவினது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. மக்களின் வாழ்வும் உணர்வும் இவ்விரண்டின்மேல் அமைந்தவை என்பதே அதன் கருத்து. இன்று நம்மில் பலர் வெயில், மழை என்னும் இரண்டை மட்டுமே அறிவோம். ஆறினையும் கண்ணால் கண்டு மகிழ விரும்புவோர்க்கு அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி நல்லதோர் ஆசான்.

ஏறத்தாழ 454 எக்டேர் பரப்புடைய இவ்வேரி, மழைநீரையும் புள்ளம்பாடி வாய்க்கால் வழிவரும் காவிரி நீரையும் பெறுகிறது. ஆவணி, புரட்டாசியாகிய கார்காலத்தில் வானம் கருக்கிறது. வறண்ட கரைகளில் புல் தலைநீட்டுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி நிறைகிறது. அப்போதே விருந்தினர் வரத் தொடங்குவர். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் வடபுலத்திலிருந்து வருகின்றன. மங்கோலியா முதலிய நாடுகளில் இனப்பெருக்கம் செய்யும் பட்டைத்தலை வாத்தோ இமயமலையையே கடந்து வருகிறது. மார்கழி, தையின் முன்பனியில், வைகறை மூடுபனி விலக விலக நீர்ப்பரப்பெங்கும் சிறகுகள் தெரியும்.

மாசி, பங்குனியில் வெயில் ஏற, வந்த பறவைகள் வடக்கு நோக்கித் திரும்புகின்றன. சித்திரை, வைகாசியில் வேம்பு பூத்துக் காற்று மணக்கிறது. கொன்றை பொன்னிறம் கொள்கிறது. நீர் சுருங்கிய ஏரியின் ஓரங்களில் ஆடு மாடுகள் மேய்கின்றன. ஆனி, ஆடியின் முதுவேனிலில் காற்று புழுதி வாரி வீசினாலும், ஆடிப்பட்டம் தேடி விதைக்கும் உழவர் அடுத்த மழையை எண்ணி நிலத்தை உழுகின்றனர்.

இம்மாற்றங்களைக் காணப் பொருட்செலவு வேண்டா. நின்று பார்க்கும் பொறுமையே போதும். நேற்றில்லாத ஒரு பூவை இன்று கண்டறிவது சிறிய மகிழ்ச்சிதான். ஆனால் அது நாள்தோறும் கிடைப்பது.

இம்மகிழ்ச்சிக்குள் ஒரு பொறுப்பும் உண்டு. எப்பறவை எத்திங்களில் வரும் என அறிந்தவரே, அது வாராதபோது வருந்துவர், காரணம் தேடுவர். வரவையே அறியாதவர்க்கு மறைவும் தெரியாது. வரத்துக்கால் அடைபடுவதும், நெகிழிக் கழிவு சேர்வதும், ஏரி தூர்வதும் முதலில் கண்ணில் படுவது அன்றாடம் பார்ப்பவர்க்கே. கரைவெட்டி 1999ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டில் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. சட்டம் ஏரிக்கு எல்லை வகுக்கும். அதன் நலத்தை நாள்தோறும் நோக்குவது ஊராரின் கண்களே.

உங்கள் ஊரிலும் ஓர் ஏரியோ குளமோ மரமோ இருக்கும். ஒரு குறிப்பேட்டில் திங்கள்தோறும் அதன் மாற்றங்களை எழுதி வாருங்கள். ஆண்டு நிறைவுறும்போது, ஆறு பெரும்பொழுதுகளும் மனப்பாடமாக அன்றி அனுபவமாக உங்கள் கையில் இருக்கும்.