அறிவியல் வாசிப்பின் வழியே ஆங்கிலம்: டெல்டா மாணவர்களுக்கான ஒரு பாதை

தாராசுரத்திலிருந்து ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் தொலைவில், காவிரிக் கரையில் கும்பகோணம் அரசு ஆடவர் கலைக் கல்லூரி இருக்கிறது. 1854இல் பள்ளியாகத் தொடங்கிக் கல்லூரியாக வளர்ந்த இந்நிறுவனத்தைத் ‘தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்’ என்று அழைப்பது வழக்கம். 1904இல் உதவித்தொகையுடன் இங்கே சேர்ந்த சீனிவாச இராமானுஜன், ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தேறாமல் அந்த உதவித்தொகையை இழந்தார். கணிதத்தைத் தவிர வேறெதிலும் மனம் செல்லாத மேதையின் கதையாக இது பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. அதில் அழுத்திச் சொல்லப்படாத பகுதி ஒன்றுண்டு. தவறி விழுந்த அந்த இளைஞரை ஏந்திக்கொள்ள ஒரு வலை இருந்தது. நெல்லூர் ஆட்சியராக இருந்த இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. அங்கே மேலதிகாரி நாராயண ஐயர் உடனமர்ந்து கணக்குப் பார்த்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதிய காலத்தில் ஆங்கிலம் நன்கறிந்தோர் அவரைச் சுற்றியிருந்தனர். இராமானுஜனின் மேதைமை அவருடையது. அந்த வலையோ பெரும்பாலும் சாதி நெய்து கொடுத்தது.

இன்று இதே வட்டாரத்தில், நாற்று நட்டுக் கூலி பெறும் தாயின் பிள்ளை கல்லூரியில் சேர்ந்து, ‘பகுதி இரண்டு’ ஆங்கிலத் தாளில் அரியர் வைத்தால் ஏந்திக்கொள்ள எவரும் இல்லை. முதன்மைப் பாடத்தில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தும், அந்த ஒரு தாளால் பட்டம் கைக்கு வராமல் நின்றுவிடுகிறது. பட்டம் வந்தபின்னும் நேர்காணலில் அதே சுவர். ஆகவே ஆங்கிலம் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்தை நாம் இங்கே நடத்தப் போவதில்லை. எம்.சி. ராஜா 1925இல் ஒடுக்கப்பட்ட இந்துக்களைப் பற்றிய தம் நூலை ஆங்கிலத்தில் எழுதினார். இரட்டைமலை சீனிவாசனும் அம்பேத்கரும் 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் நம் வழக்கை ஆங்கிலத்தில் எடுத்துரைத்தனர். எப்படிக் கற்பது என்பதே நம் கேள்வி.

பேருந்து நிலையங்களைச் சுற்றி ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ பயிற்சி நிலையங்கள் பெருகிக் கிடக்கின்றன. அவற்றின் பாடங்களில் உணவகத்தில் மேசை முன்பதிவு செய்கிறார்கள், விமான நிலையத்தில் வழி கேட்கிறார்கள், பிறந்தநாள் விருந்துக்கு அழைக்கிறார்கள். கற்பவருக்குப் பொருளும் புதிது, சொல்லும் புதிது. ஒரு மொழியைக் கற்பதாக எண்ணிக்கொண்டு, இன்னொரு வர்க்கத்தின் நடையுடை பாவனைகளை ஒத்திகை பார்க்கும் நிலைக்கு மாணவர் தள்ளப்படுகிறார். கூச்சமும் தோல்வியும் அங்கேதான் பிறக்கின்றன.

எளிய நடையில் பொதுமக்களுக்காக எழுதப்பட்ட அறிவியல் கட்டுரைகள் இந்தச் சிக்கலைத் தலைகீழாக்குகின்றன. நெல் வயலைப் பற்றிய ஓர் ஆங்கிலக் கட்டுரையை எடுத்துக்கொள்வோம். ‘சீட்லிங்’ என்றால் நாற்று, ‘டில்லர்’ என்றால் தூர், ‘பேனிக்கிள்’ என்றால் கதிர், ‘ஹஸ்க்’ என்றால் உமி, ‘பிரான்’ என்றால் தவிடு. இவற்றில் எதையும் நம் மாணவருக்கு விளக்க வேண்டியதில்லை. பெயரை மட்டும் சொன்னால் போதும். நகரத்து ஆங்கிலவழிப் பள்ளியில் படித்தவருக்குப் பெயர் தெரிந்திருக்கலாம், தூர் கட்டுவதைக் கண்ணால் பார்த்திருக்கமாட்டார். நடவுக்கு ஆங்கிலத்தில் ‘டிரான்ஸ்பிளாண்டிங்’ என்று பெயர். நாற்றங்காலிலிருந்து பறித்து வேறிடத்தில் நடுவது என்று அறிந்தவருக்கு, சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைக்கும் ஏன் அதே சொல் என்பது உடனே விளங்கும்.

டெல்டாவுக்கு நன்கு பழகிய அறிவியல் சொல் ஒன்றிருக்கிறது: மீத்தேன். நிலக்கரிப் படுகை மீத்தேன் திட்டத்திற்கு எதிரான போராட்டம் இச்சொல்லை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தது. அதே மீத்தேன் நெல் வயலிலிருந்தும் வெளிவருகிறது என்பதைப் புவி வெப்பமாதல் குறித்த ஆங்கிலக் கட்டுரைகளில் அடிக்கடி காணலாம். நீர் தேங்கிய வயலில் மண்ணுக்குள் ஆக்சிஜன் செல்வதில்லை; அங்கே வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் மக்கும் பொருள்களிலிருந்து மீத்தேனை உண்டாக்குகின்றன; நெற்பயிரின் தண்டிலுள்ள காற்றறைகளின் வழியே அவ்வாயு பெருமளவில் வெளியேறுகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் வெளியேற்றம் குறையும். இக்கட்டுரையை வாசிக்கும் மாணவர் பாதி வழியை முன்பே கடந்தவர். மீதிப் பாதி மொழி.

அந்த மொழியில் தமிழ் மாணவர் தடுக்கும் இடம் எது? ஒரே வாக்கியத்தில் காட்டிவிடலாம். ‘நீர் தேங்கிய மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன’ என்பது தமிழ். இதையே ஆங்கிலம், ‘மைக்ரோப்ஸ் தட் லிவ் இன் ஃப்ளட்டட் சாயில் புரொடியூஸ் மீத்தேன்’ என்று சொல்கிறது. தமிழில் ‘வாழும்’ என்பது பெயரெச்சம், ‘உண்டாக்குகின்றன’ என்பது வினைமுற்று. உருவத்திலேயே வேறுபாடு தெரிகிறது. ஆங்கிலத்திலோ ‘லிவ்’, ‘புரொடியூஸ்’ இரண்டும் ஒரே தோற்றத்தில் நிற்கின்றன. எது முற்று, எது எச்சம் என்று சொல்லின் உருவம் காட்டாது. ‘தட்’ என்ற சிறு சொல்தான் காட்டும். மேலும், நாம் வினைக்காக வாக்கியத்தின் இறுதிவரை காத்திருந்து பழகியவர்கள். ஆங்கில வினை எழுவாயை அடுத்தே வந்து கடந்துபோய்விடுகிறது. ஆகவே முதற்பயிற்சி எளிது: ஒரு பத்தியை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் வினைமுற்றை மட்டும் அடிக்கோடிடுங்கள். ‘தட்’, ‘விச்’, ‘ஹூ’ வரும் இடங்களில் வட்டமிடுங்கள். ஒரு மாதம் இதை விடாமல் செய்தால் நீண்ட வாக்கியத்தைக் கண்டு அஞ்சும் நிலை பெரிதும் மாறும்.

‘ஏ’, ‘தி’ என்ற சுட்டுச் சொற்களைப் பற்றி இலக்கண நூல்கள் பக்கம் பக்கமாக விதி சொல்கின்றன. அறிவியல் கட்டுரை அதைக் கண்முன் நடத்திக் காட்டுகிறது: ஒரு பொருளை முதன்முறை அறிமுகப்படுத்தும்போது ‘ஏ’, மறுமுறை அதையே குறிக்கும்போது ‘தி’. தமிழின் ‘ஒரு’, ‘அந்த’ ஆகியவற்றோடு ஓரளவு பொருத்திப் பார்க்கலாம், முழுவதும் பொருந்தாது.

செயப்பாட்டு வினை இன்னும் கவனிக்கத்தக்கது. மண் எடுக்கப்பட்டது, சூடாக்கப்பட்டது, அளக்கப்பட்டது என்று ஆய்வுகளை விவரிக்கும் ஆங்கிலம் பேசும். யார் செய்தாலும் ஆய்வு முடிவு ஒன்றே என்பதால் செய்தவர் பெயர் அங்கே தேவையில்லை. ஆனால் நாளிதழில் ‘குடிசைகள் எரிக்கப்பட்டன’ என்று வரும்போது, எரித்தவர் யார் என்பதுதான் செய்தி. அறிவியலில் இவ்வமைப்பைப் பழகிய கண், பத்திரிகை அறிக்கையிலும் காவல்துறைக் குறிப்பிலும் எழுவாய் காணாமல் போயிருப்பதை எளிதில் கண்டுபிடிக்கும்.

சொல்வளத்திற்கு வருவோம். தமிழ்வழியில் படித்ததைக் குறையாக எண்ணும்படி மாணவர்கள் பழக்கப்பட்டுள்ளனர். உண்மையில் அறிவியல் ஆங்கிலத்தின் பெரும்பகுதி கிரேக்க, இலத்தீன் வேர்களால் ஆனது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கே அவை புரியாத ஒலிக்கூட்டங்கள். நமக்கோ பள்ளிப் பாடநூல் திறவுகோலைக் கொடுத்துவிட்டது. தொலைநோக்கி ‘டெலஸ்கோப்’, நுண்ணோக்கி ‘மைக்ரோஸ்கோப்’. ‘டெலி’ தொலைவு, ‘மைக்ரோ’ நுண்மை, ‘ஸ்கோப்’ நோக்குவது. ‘ஃபோட்டோசிந்தசிஸ்’ என்பதில் ‘ஃபோட்டோ’ ஒளி, ‘சிந்தசிஸ்’ சேர்க்கை. ஒளிச்சேர்க்கை என்று பத்தாம் வகுப்பில் எழுதியவர் இச்சொல்லை மனப்பாடம் செய்யவேண்டியதில்லை, பிரித்துப் பார்த்தால் போதும்.

ஏன் கதை நூல்கள் போதா, அறிவியல் ஏன் என்று கேட்கலாம். நியூசிலாந்தைச் சேர்ந்த மொழியியலாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டு கல்விசார் ஆங்கிலச் சொற்பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அதிலுள்ள 570 சொற்குடும்பங்கள் கல்விசார் நூல்களில் வரும் சொற்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தை நிரப்புகின்றன. புனைகதைகளிலோ அவற்றின் பங்கு 1.4 சதவீதம் மட்டுமே. காரணம், விளைவு, சான்று, ஒப்பீடு ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் இவை. பாடநூலிலும் போட்டித் தேர்விலும் அரசு அறிக்கையிலும் வருபவை இவையே. கதை வாசிப்பு வீணென்று சொல்லவில்லை. பிஜித் தீவின் கிராமப்புறப் பள்ளிகளில் எல்லி, மங்குபாய் என்னும் இரு ஆய்வாளர்கள் ஆங்கிலக் கதைப் புத்தகங்களை வகுப்புக்கு 250 என்ற அளவில் கொடுத்துப் பார்த்தபோது, பிள்ளைகளின் வாசிப்புத் திறன் வழக்கத்தைவிட இருமடங்கு வேகத்தில் வளர்ந்ததை 1983இல் எழுதினர். புத்தகம் கையில் நிறைய இருந்தால், தொடர்ந்து வாசித்தால், மொழி வரும். அதன்மேல் அறிவியல் வாசிப்பு கல்விசார் சொற்களைக் கொண்டுவந்து சேர்க்கும்.

எந்தக் கடினத்தில் நூலைத் தேர்வது? உதவியின்றி வாசிக்க நூறு சொற்களில் 98 தெரிந்திருக்கவேண்டும் என்பது ஆய்வாளர் பால் நேஷனும் உடனாய்வாளரும் கண்டது. அதாவது 300 சொற்கள் கொண்ட பக்கத்தில் ஆறு புதுச்சொற்கள். பதினைந்து இருந்தால் அகராதியோடும் நண்பர்களோடும் வாசிக்கலாம். முப்பது இருந்தால் அந்நூலை ஆறு மாதம் கழித்து எடுக்கலாம், அது தோல்வியன்று. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் சிறுவர்களுக்காகத் தமிழில் ‘துளிர்’, ஆங்கிலத்தில் ‘ஜந்தர் மந்தர்’ ஆகிய இதழ்களை வெளியிட்டது. இரண்டையும் அருகருகே வைத்து வாசிப்பது நல்ல தொடக்கம். சிறுவர் இதழ் என்று கல்லூரி மாணவர் கூச்சப்படவேண்டியதில்லை. அரவிந்த் குப்தாவின் இணையதளத்தில் அறிவியல் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அடுத்த படியாக ஜே.பி.எஸ். ஹால்டேனைப் பரிந்துரைப்போம். 1937 தொடங்கி இலண்டனின் ‘டெய்லி ஒர்க்கர்’ நாளிதழில், தொழிலாளர்களுக்காக முந்நூறுக்கும் மேற்பட்ட அறிவியல் கட்டுரைகளை எழுதியவர் அவர். வாசகருக்கு அன்றாட வாழ்வில் தெரிந்ததிலிருந்து தொடங்கவேண்டும் என்பது அவர் கொள்கை. 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, 1964இல் புவனேசுவரத்தில் இறந்தார். ஆங்கிலேய மேட்டுக்குடியில் பிறந்தவர் உழைப்பவர்களை நோக்கி எழுதிய நடை என்பதாலோ என்னவோ, அந்த ஆங்கிலத்தில் நம்மை வெளியே நிறுத்தும் தொனி இல்லை.

எல்லா ஆங்கிலமும் அப்படியன்று. பழைய பறவை நூல்களைத் திறந்தால் நம் ஊர் வானில் வட்டமிடும் கரும்பருந்துக்குப் ‘பரையா கைட்’ என்று பெயரிட்டிருப்பதைக் காணலாம். தெருநாய்க்குப் ‘பரையா டாக்’. பறையர் என்ற நம் சாதிப் பெயரை ஆங்கிலம் எடுத்துக்கொண்டு, விலக்கப்பட்டவர் என்ற பொருளில் இன்றுவரை புழங்குகிறது. உலகச் செய்திகளில் ஒரு நாட்டை இகழவும் இச்சொல்லே வருகிறது. அகராதியைப் புரட்டும்போது இச்சொல்லின் பிறப்பையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

வாசிக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்வோம். நான்கைந்து பேர் சேர்ந்து வாரம் ஒரு கட்டுரை. முதல் வாசிப்பில் அகராதி வேண்டாம். இரண்டாம் வாசிப்பில் வினைகளைக் குறித்து, புதுச்சொற்களை வாக்கியத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். தனிச்சொல்லாக எழுதினால் தங்காது. மறுநாள் கட்டுரையை மூடிவைத்துவிட்டு ஐந்தே வாக்கியங்களில் ஆங்கிலத்தில் எழுதி, மூலத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு வீட்டில் தமிழில் சொல்லுங்கள். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுவதைப் பற்றி நாற்பது ஆண்டு வயலில் நின்ற தாயிடம் சொன்னால், கட்டுரையில் விட்டுப்போனதை அவர் சொல்வார். அதை ஆங்கிலத்தில் எழுதிப் பார்ப்பது அடுத்த பயிற்சி.

இதில் நம்மைத் தொடும் பெயர் ஒன்றுண்டு. 2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் உயிரிழந்த ரோகித் வேமுலா, தாம் விட்டுச்சென்ற ஆங்கிலக் கடிதத்தில், கார்ல் சாகனைப் போல ஓர் அறிவியல் எழுத்தாளராக விரும்பியதைக் குறிப்பிட்டிருந்தார். விண்மீன்களைப் பற்றி எழுத விரும்பிய ஒருவர் எழுத முடிந்தது அந்தக் கடிதம்தான் என்பதை நாம் மறக்கமுடியாது. சாகனின் ‘காஸ்மாஸ்’ 1980இல் வெளிவந்த நூல். மேற்சொன்ன பயிற்சியைத் தொடர்ந்து செய்யும் மாணவர் எட்டிவிடக் கூடியதே.

எழுத்தாளராக விரும்பாதவருக்கும் இந்த ஆங்கிலம் வேண்டும். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, ஒரு திட்டம் குறித்த மக்கள் கருத்துக் கேட்புக்கு மாநில மொழியில் வைக்கப்பட வேண்டியது சுருக்கம் மட்டுமே. 2020இல் அவ்விதிகளை மாற்றும் வரைவு இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் வெளியிடப்பட்டது. எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் மொழிபெயர்க்குமாறு தில்லி உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஜூன் 30 அன்று ஆணையிட நேர்ந்தது. தமிழில் தரவேண்டும் என்ற கோரிக்கையை நாம் கைவிடப் போவதில்லை. அதுவரை, நிலமற்ற கூலித் தொழிலாளரின் குடிநீரையும் வேலைநாளையும் பாதிக்கும் திட்டத்தின் முழு அறிக்கையை ஊரில் ஒருவராவது வாசிக்கவேண்டுமே. அந்த அறிக்கையின் மொழி உணவக உரையாடலின் மொழியன்று. மீத்தேன் கட்டுரையின் மொழி. நிலத்தடி நீர் பாதிக்கப்பட ‘மே’ என்று இருக்கிறதா, ‘வில்’ என்று இருக்கிறதா? முன்னது பாதிக்கப்படலாம் என்கிறது, பின்னது பாதிக்கப்படும் என்கிறது. சட்டத்தின் மொழியில் அதிகாரி ஒன்றைச் செய்ய ‘ஷல்’ என்றிருந்தால் பொதுவாக அது கடமை. ‘மே’ என்றிருந்தால் பெரும்பாலும் அவர் விருப்பம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை ஆங்கில மூலத்தில் வாசிக்கும்போது இந்த ஓரெழுத்துச் சொல் எவ்வளவு கனமானது என்பது தெரியும்.

இவற்றுக்கு நூல்கள் வேண்டும். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. கிளை நூலகத்திலும் கல்லூரி விடுதியிலும் எளிய ஆங்கில அறிவியல் நூல்களும் இதழ்களும் உள்ளனவா என்று மாணவர் அமைப்புகள் இவ்வாரமே போய்ப் பார்க்கலாம். இல்லையென்றால் தேவையான நூல்களின் பட்டியலை எழுதி, மாவட்ட நூலக அலுவலருக்கும் விடுதிக் காப்பாளருக்கும் கையெழுத்திட்டுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.